கேக் பாப்: தமிழில் குச்சிக்கேக்

உதிர்த்த கேக்கை க்ரீமோடு பிசைந்து, உருண்டை பிடித்து, குச்சியில் செருகி, உருக்கிய சாக்லேட்டில் முக்கி எடுத்தால் அதுதான் கேக் பாப். சென்னையின் பெரம்பூரிலும் தண்டையார்பேட்டையிலும் பிறந்தநாள் ஆர்டர் கொடுப்பவர்கள் ஒன்றே ஒன்று கேட்டாலும் 'ஒரு கேக் பாப்ஸ்' என்பார்கள். சிப்ஸ் மாதிரி இங்கேயும் அந்த 'ஸ்' ஒட்டிக்கொண்டுவிட்டது.

கேக், பழைய நார்ஸ் மொழியின் 'காகா' வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். 'பாப்' லாலிபாப்பின் வால். 18ஆம் நூற்றாண்டிலேயே லாலிபாப் என்ற சொல் உண்டு. 'லாலி' என்றால் இங்கிலாந்தின் வட்டார வழக்கில் நாக்கு. பாப் என்பதற்குக் குச்சி என்று பொருளே கிடையாது. லாலிபாப் குச்சியில் வருவதால் குச்சியில் வரும் மற்றதற்கும் அந்த வால் தாவியது. கேக் பாப்பைப் பிரபலமாக்கியவர் அமெரிக்காவின் ஆஞ்சி டட்லி. 2008இல் 'பேக்கரெல்லா' வலைப்பதிவில்.

தமிழில் என்ன சொல்லலாம்? கேக்குக்கு 'அணிச்சல்' என்று எழுதுபவர்கள் உண்டு. நல்ல சொல்தான், ஆனால் வண்ணாரப்பேட்டைக் கடையில் கேட்டால் யாருக்கும் புரியாது. குச்சி ஐஸும் குச்சி மிட்டாயும் நம் பிள்ளைகள் வாயில் எப்போதோ ஏறிவிட்டன. அந்த வரிசையில் 'குச்சிக்கேக்' தானாக வந்து உட்கார்கிறது. கேக் உருண்டை என்றாலும் தப்பில்லை, ஆனால் குச்சி விட்டுப்போகிறது. என் ஓட்டு குச்சிக்கேக்குக்கே.

செய்முறையில் கவனம் வேண்டியது க்ரீமின் அளவு. கையில் அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், அவ்வளவு போதும். கூடினால் குச்சியை விட்டு வழுக்கி இறங்கும். குச்சி நுனியை முதலில் சாக்லேட்டில் தொட்டு, உருண்டையில் பாதி வரை செருகி, ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்தால் பிடித்துக்கொள்ளும். உருண்டை ரொம்பச் சில்லென்றும் சாக்லேட் ரொம்பச் சூடாகவும் இருந்தால் மேல் ஓடு விரிசல் விடும். சாக்லேட்டில் முக்கி எடுத்ததும் தெர்மாகோலில் குத்தி நிறுத்த வேண்டும்.

நம் ஊர் வெயிலுக்கு மேல்பூச்சு எது என்பதும் முக்கியம். அசல் சாக்லேட்டில் உள்ள கொழுப்பான கோகோ பட்டர் சுமார் 34 டிகிரியில் உருகிவிடும். அதனால்தான் பலரும் தாவரக் கொழுப்பில் செய்த காம்பவுண்ட் சாக்லேட் வாங்குகிறார்கள். ருசி ஒரு படி குறைவுதான், ஆனால் உருக்கி ஆற வைத்தாலே இறுகிவிடும், டெம்பரிங் (சாக்லேட்டை அளவாகச் சூடாக்கி, ஆற்றிப் பக்குவப்படுத்துவது) தேவையில்லை. அப்புறம் ராயபுரம், காசிமேடு பக்கத்து ஈரக் கடற்காற்று. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் உருண்டை மேல் முத்து முத்தாக நீர் கோத்து, பளபளப்பு போய்விடும். மூடிய டப்பாவோடு வெளியே வைத்து, குளிர் தணிந்த பிறகு திறந்தால் துளிகள் டப்பா மேலேயே நின்றுவிடும்.

மணத்துக்கு ஏலக்காய்ப் பொடி, சுக்கு, பொடித்த கருப்பட்டி எல்லாம் அருமையாகச் சேரும். கேக் கலவையிலேயே சேர்த்துவிடுங்கள். ரோஸ் வாட்டரை மட்டும் சாக்லேட்டில் ஊற்றிவிடாதீர்கள். கொஞ்சம் தண்ணீர் பட்டாலே சாக்லேட் திரிந்து கட்டியாகிவிடும். ரோஸ் வாட்டரை க்ரீமில் சேர்த்தால் சரி. முந்திரி, பிஸ்தாவுக்கு பாரிமுனையை ஒட்டிய கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் மொத்தக் கடைகள் இருக்கின்றன.

வாங்கும்போது, கேக் எந்த நாளில் செய்தது என்று கேளுங்கள். அலங்காரக் கேக்கில் வெட்டி மிஞ்சிய ஓரத்தில் செய்வது வழக்கம்தான், குறையில்லை. பழசாக இருக்கக் கூடாது. உள்ளே க்ரீம் சீஸ் இருந்தால் வெளியே வைத்து விற்பதை வாங்க வேண்டாம். முட்டை சாப்பிடாத வீடுகள் சவுகார்பேட்டைப் பக்கம் நிறைய உண்டு. பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் முட்டை இல்லை. வீட்டில் செய்து தருபவரிடம் வாய் திறந்து கேட்டுவிடுவதே நல்லது. மிகச் சின்னக் குழந்தை என்றால் குச்சியை உருவிவிட்டு, உருண்டையை நாலாக உடைத்துக் கொடுங்கள்.