பழைய லேப்டாப் எதற்காகக் காத்திருக்கிறது?

மதுரை, மேலூர், உசிலம்பட்டி பக்கம் எத்தனையோ வீடுகளில் பீரோ மேல் ஒரு பழைய லேப்டாப் கிடக்கிறது. 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில், அக்காவோ அண்ணனோ படிக்கும்போது கிடைத்தது. இப்போது தம்பிக்குத் தேவைப்படுகிறது. ஆன் செய்தால் திரை வருவதற்கே நிமிடக் கணக்கில் ஆகிறது. "பிராசசர் பழசு, இனி புதுசுதான் வாங்கணும்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் இந்த முடிவு தவறு. அந்த நிமிடங்களில் பிராசசர் வேலை செய்து களைத்துப்போகவில்லை. வேலையே வராமல் காத்துக்கொண்டிருக்கிறது.

அதைக் காக்க வைப்பது ஹார்ட் டிஸ்க். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி, அதாவது சில்லுகளில் தகவலை வைக்கும் சேமிப்பகம், போட்டால் இந்தக் காத்திருப்பு பெரும்பாலும் போய்விடும். காந்தப் பூச்சு பூசிய வட்டத்தகடு ஒன்று உள்ளே சுழல்கிறது. அதன் மேல் சில நானோமீட்டர் உயரத்தில், காற்றின் மெல்லிய படலத்தில் மிதந்தபடி ஒரு முனை தகவலைப் படிக்கிறது. ஒரு தகவல் வேண்டுமென்றால் முதலில் அந்த முனையைத் தாங்கும் கை சரியான தடத்துக்கு நகர வேண்டும். நகர்ந்த பிறகும் உடனே படிக்க முடியாது. சித்திரைத் தேரோட்டத்தன்று வடக்கு மாசி வீதியில் நிற்பவர், தேர் கீழ மாசி வீதியில் கிளம்பி, தெற்கும் மேற்கும் கடந்து தன்னிடம் வரும்வரை நின்றுதானே ஆக வேண்டும்? முனையின் நிலையும் அதுதான். வேண்டிய தகவல் இருக்கும் இடம் சுழன்று தனக்குக் கீழே வரும்வரை அது காத்திருக்கிறது.

பழைய லேப்டாப்களில் தகடு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழலும், அதாவது நொடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லிநொடி; சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருப்பு, 5.5 மில்லிநொடி. கை நகர்வதற்கு ஏறத்தாழ 12 மில்லிநொடி. மொத்தம் 17 மில்லிநொடிக்கு ஒரு தகவல் துண்டு. சிதறிக் கிடக்கும் துண்டுகள் என்றால் நொடிக்குச் சுமார் 60-தான் கிடைக்கும்.

விண்டோஸ் எழுந்து வரும்போது கேட்பது பெரும்பாலும் இப்படிச் சிதறிய சின்னச் சின்னத் துண்டுகளைத்தான். பத்தாயிரம் துண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். ஹார்ட் டிஸ்க்குக்குக் கிட்டத்தட்ட மூன்று நிமிடம் ஆகும். ஒரு துண்டை 0.1 மில்லிநொடியில் எடுத்துத் தரும் எஸ்எஸ்டிக்கு ஒரே நொடி. ஒரு முழுப் படத்தைக் காப்பி செய்யும்போது மட்டும் அதே ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 மெகாபைட் வரை ஓடும், ஏனென்றால் படம் பெரும்பாலும் ஒரே தொடராக எழுதப்பட்டிருக்கிறது. படம் வேகமாகக் காப்பி ஆகிறதே, டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது என்று பலர் நினைப்பது இதனால்தான்.

எஸ்எஸ்டியில் சுழல்வதற்கு எதுவுமே இல்லை. சிலிக்கான் சில்லுக்குள் கோடிக்கணக்கான சின்ன அறைகள். ஒவ்வோர் அறையும் ஒரு டிரான்சிஸ்டர். அதற்குள் சுற்றிலும் மின்காப்புப் பொருளால் மூடப்பட்ட ஓர் அடுக்கு. எழுதும்போது 20 வோல்ட் அளவுக்கு அழுத்தம் கொடுத்தால், சாதாரண இயற்பியலின்படி தாண்டவே முடியாத அந்தக் காப்புச் சுவரை எலக்ட்ரான்கள் ஊடுருவி உள்ளே போய்விடுகின்றன. குவாண்டம் ஊடுருவல் என்று பாடப்புத்தகத்தில் படிக்கும் அதே விஷயம்தான். அழுத்தத்தை எடுத்துவிட்டால் வெளியே வர வழியில்லை. கரண்ட் போனாலும் அங்கேயே இருக்கும். படிக்கும்போது ஒரு சிறிய வோல்ட் கொடுத்துப் பார்ப்பார்கள். எலக்ட்ரான்கள் சிறைப்பட்டிருந்தால் டிரான்சிஸ்டர் திறக்காது, இல்லையென்றால் திறக்கும். இதுவே 0, 1. ஜப்பானின் டோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா என்ற பொறியாளர் 1980-களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம் இது. இன்று எஸ்எஸ்டியில் இருக்கும் நாண்ட் வகை 1987-இல் அறிவிக்கப்பட்டது.

ஊடுருவும் ஒவ்வொரு முறையும் காப்புச் சுவர் கொஞ்சம் சேதமாகிறது. அதனால் ஓர் அறையைச் சில ஆயிரம் முறைதான் அழித்து எழுதலாம். இதைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் கண்ட்ரோலர், எழுதும் வேலையை எல்லா அறைகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. 100 டெராபைட் எழுதும்வரை தாங்கும் என்று உத்தரவாதம் உள்ள எஸ்எஸ்டியில் தினமும் 20 ஜிபி எழுதினாலும் 13 வருடத்துக்கு மேல் ஆகும். படிப்புக்குப் பயன்படும் லேப்டாப்பில் அவ்வளவு எழுத மாட்டோம். ஆனால் முழுவதும் நிரப்பிவிடாதீர்கள். இந்தச் சில்லில் எழுதுவது சிறு பக்கங்களாக, அழிப்பது பெரிய தொகுதிகளாக. காலி இடம் இல்லையென்றால் கண்ட்ரோலர் தகவலை இங்கிருந்து அங்கே மாற்றி மாற்றியே திணறிப்போகும். நீங்கள் அழித்த கோப்பு இனி வேண்டாம் என்று அதற்குச் சொல்லும் டிரிம் வசதி விண்டோஸ் 7-இலிருந்து இருக்கிறது. எக்ஸ்பியில் கிடையாது.

சரி, பழைய லேப்டாப்பில் பொருந்துமா? டிஸ்க்கை லேப்டாப்போடு இணைக்கும் முறைகளில் ஒன்று சாட்டா. ஹார்ட் டிஸ்க் 2.5 அங்குலச் சாட்டா வகையாக இருந்தால் பொருந்தும். எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் தடிமன், பழைய டிஸ்க் பலவும் 9.5. இடைவெளிக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் ஆடாது. பழைய சாட்டா 2 இணைப்பில் நொடிக்கு 300 மெகாபைட்டுக்கு மேல் போகாது, அதனால் எஸ்எஸ்டி வீண் என்று சிலர் தடுப்பார்கள். கேட்காதீர்கள். நமக்கு வேண்டியது காத்திருப்பு குறைவது. அது எந்தச் சாட்டாவிலும் குறையும். அதே காரணத்தால், மிக வேகமான விலை உயர்ந்த மாடலுக்குக் காசு கொடுக்கவும் தேவையில்லை. சிறு பட்டை வடிவில் வரும் எம்.2 எஸ்எஸ்டி வாங்குவதாக இருந்தால் மட்டும் கவனம் வேண்டும். அதில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு இணைப்பு வகைகள் உண்டு. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஒன்றின் இடத்தில் மற்றது பெரும்பாலும் வேலை செய்யாது. டிவிடி டிரைவ் உள்ள லேப்டாப் என்றால் அதைக் கழற்றி, அந்த இடத்தில் பொருந்தும் சட்டத்தில் பழைய ஹார்ட் டிஸ்க்கையே மாட்டலாம். டிவிடி டிரைவின் தடிமன் 12.7 மில்லிமீட்டரா, 9.5-ஆ என்று அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

எஸ்எஸ்டி எல்லாவற்றையும் தீர்க்காது. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் பொதுவாக 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது, இந்த வயது லேப்டாப்கள் பெரும்பாலும் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுப்பேன் நான். படிக்கிற பிள்ளைக்கு அது தாராளமாகப் போதும்.

பஸ்ஸின் குலுக்கலும் இனிக் கவலையில்லை, தகட்டில் மோதுவதற்கு முனையே இல்லையே. ஆனால் வெயிலைக் கவனிக்க வேண்டும். சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் மெல்லக் கசியும். சூடு கூடினால் கசிவும் கூடும். மதுரையில் 40 டிகிரியைத் தாண்டும் சித்திரை, வைகாசியில், நன்றாகத் தேய்ந்த எஸ்எஸ்டியைக் கரண்டே கொடுக்காமல் மாதக்கணக்கில் பீரோ மேல் போட்டு வைப்பது நல்லதல்ல. அப்புறம், ஹார்ட் டிஸ்க் சாகும் முன்பு பல நேரம் டக் டக் என்று சத்தம் கொடுக்கும், எஸ்எஸ்டி எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரே நாளில் நின்றுவிடக்கூடும். கழற்றிய ஹார்ட் டிஸ்க் இன்னும் நல்ல நிலையில் இருந்தால் ஒரு யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டு, வீட்டுப் போட்டோக்களையும் சான்றிதழ் ஸ்கேன்களையும் மாதம் ஒருமுறை அதில் காப்பி எடுத்து வையுங்கள்.