மெடிக்கெய்டு எண் வந்துவிட்டது, பணம் எப்போது வரும்?

அமெரிக்காவில் ஏஜென்சி வேலையை விட்டுவிட்டுத் தனியாக வீட்டு நர்ஸாகப் போகலாம் என்று நினைக்கும் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "மெடிக்கேரில் எப்படிப் பதிவு செய்வது அக்கா?" என்றுதான். மெடிக்கேர் என்பது மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு. ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) ஆகவோ எல்.பி.என். (அதற்கு அடுத்த நிலை உரிமம் உள்ள நர்ஸ்) ஆகவோ தனியாக அங்கே பதிய வழியே கிடையாது. வீட்டு நர்ஸிங்குக்கான பணத்தை மெடிக்கேர், தன் சான்று பெற்ற ஹோம் ஹெல்த் ஏஜென்சிகளுக்கு மட்டுமே தருகிறது. மேற்படிப்பு முடித்து, நோயாளியைப் பார்த்து மருந்து எழுதும் நர்ஸ் பிராக்டிஷனர்கள் தம் பெயரிலேயே மெடிக்கேருக்கு பில் போடலாம். அது வேறு கதை. நமக்குத் திறக்கிற கதவு மெடிக்கெய்டு, அதுவும் எல்லா மாநிலங்களிலும் திறக்காது.

இரண்டும் 1965இல் ஒரே சட்டத்தில் பிறந்தவை. பெயரும் ஒரே மாதிரி இருப்பதால் குழப்பம் வருவது இயல்பு. மெடிக்கேர் முழுக்க மத்திய அரசினுடையது, பெரும்பாலும் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. அவ்வப்போது வந்து காயத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டு, மருந்து கொடுத்துவிட்டுப் போகிற நர்ஸுக்குத்தான் அதில் இடம். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் கூடவே இருக்கிற ஷிஃப்ட் வேலை அதன் கணக்கிலேயே வராது. மெடிக்கெய்டு முக்கியமாக வருமானம் குறைந்தவர்களுக்கு. அதை மத்திய அரசின் பணப் பங்குடன் மாநிலங்கள் நடத்துகின்றன. அதில் பிரைவேட் டியூட்டி நர்ஸிங் என்று ஒரு பிரிவு உண்டு. வந்துபோகும் நர்ஸால் சமாளிக்க முடியாத, தொடர்ச்சியான கவனிப்பு தேவைப்படும் நோயாளிகளுக்கானது அது. பெரியவர்களுக்கு அதைத் தருவதும் தராததும் மாநிலத்தின் விருப்பம். 21 வயதுக்குக் கீழ் அப்படியில்லை. குழந்தைக்கு மருத்துவ ரீதியாகத் தேவை என்று நிரூபித்தால் மாநிலம் கொடுத்தே ஆக வேண்டும். அதனால்தான் தனி நர்ஸ்களின் கேஸ்களில் குழந்தைகளே அதிகம்: தொண்டையில் ட்ரேக் (மூச்சு விட வைக்கும் குழாய்), வயிற்றில் ஜி-டியூப் (உணவு செலுத்தும் குழாய்), இரவு முழுக்க வென்டிலேட்டர், எப்போது வரும் என்று தெரியாத வலிப்பு.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு குழந்தை இருக்கிறாள். ஐயோவா மாநிலத்தில் 1978இல் பிறந்த கேட்டி பெக்கெட். கைக்குழந்தையாக இருந்தபோதே மூளைக் காய்ச்சல் வந்து வென்டிலேட்டரை நம்பி வாழ வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் இருக்கும் வரை மெடிக்கெய்டு செலவைக் கொடுத்தது. வீட்டுக்கு வந்தால் செலவு பல மடங்கு குறையும். ஆனால் வந்தால் பெற்றோரின் வருமானம் கணக்கில் சேர்ந்து, தகுதியே போய்விடும். 1981 நவம்பரில் அதிபர் ரீகன் இந்த அபத்தத்தைப் பத்திரிகையாளர்கள் முன் எடுத்துச் சொன்னார். மறு மாதமே அவள் வீடு திரும்பினாள். அடுத்த ஆண்டு வந்த சட்டத்தில், இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பெற்றோரின் வருமானத்தைப் பார்க்காமல் தகுதி கொடுக்க மாநிலங்களுக்கு வழி செய்யப்பட்டது. வசதியான ஐ.டி. குடும்பத்துக் குழந்தைக்கு மெடிக்கெய்டு எப்படிக் கிடைத்தது என்று யாராவது வியந்தால், காரணம் பெரும்பாலும் இந்த வழியோ, இதே நோக்கத்தோடு மாநிலம் வைத்திருக்கும் வெய்வர் (வழக்கமான விதியிலிருந்து விலக்கு தரும்) திட்டமோதான்.

சரி, பதிவுக்கு வருவோம். முதலில் உங்கள் மாநிலம் தனி நர்ஸ்களை ஏற்கிறதா என்று பாருங்கள். ஒஹையோ, நியூயார்க், கலிஃபோர்னியா ஏற்கின்றன. ஒஹையோவில் நம்மை 'நான்-ஏஜென்சி' நர்ஸ் என்பார்கள், கலிஃபோர்னியாவில் 'இண்டிவிஜுவல் நர்ஸ் புரொவைடர்'. ஏஜென்சி மூலம் மட்டும்தான் என்று நிற்கும் மாநிலங்களும் உண்டு. இங்கே ஒரு சிக்கல். ஒஹையோ 2023 ஜனவரியில் நர்ஸ் உரிம ஒப்பந்தத்தில் சேர்ந்தது. ஆகவே ஒஹையோவில் குடியிருந்து பல மாநில உரிமம் வாங்கியவர், ஒப்பந்தத்தில் உள்ள மற்ற மாநிலங்களிலும் வேலை பார்க்கலாம். உரிமம் எல்லை தாண்டும். மெடிக்கெய்டு எண் தாண்டாது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

அடுத்தது என்.பி.ஐ., மருத்துவச் சேவை தருபவரை அடையாளம் காட்டும் பத்து இலக்க தேசிய எண். தனி ஆளுக்கான முதல் வகையைத் தேர்ந்தெடுத்து இணையத்தில் விண்ணப்பித்தால் போதும், ஒரு காசு கட்டணம் கிடையாது. இதை வாங்கித் தருகிறேன் என்று நூறு, இருநூறு டாலர் கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கொடுக்காதீர்கள். மெடிக்கெய்டு விண்ணப்பக் கட்டணமும் நிறுவனங்களுக்குத்தான், தனி நர்ஸுக்கு இல்லை. இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. என்.பி.ஐ. பதிவில் நீங்கள் தரும் தொழில் முகவரியும் தொலைபேசி எண்ணும் பொதுவில் யாரும் தேடிப் பார்க்கும்படி இருக்கும். தனி நர்ஸுக்கு அலுவலகம் ஏது? வீட்டு முகவரியைத்தான் எழுதுவோம். குறைந்தபட்சம் தொலைபேசிக்காவது வேலைக்கென ஒரு தனி எண் வைத்துக்கொள்ளுங்கள்.

மாநில விண்ணப்பத்தில் கேட்பவை கிட்டத்தட்ட எங்கும் ஒன்றே: உரிமம், சோஷியல் செக்யூரிட்டி எண், வரிப் படிவம், வங்கி விவரம், சில மாநிலங்களில் குற்றப் பின்னணிச் சோதனைக்குக் கைரேகையும். ஒஹையோவில் ஐந்து ஆண்டுகளாகத் தொடர்ந்து குடியிருக்காதவர்களுக்கு எஃப்.பி.ஐ. சோதனையும் சேரும். உங்கள் பெயர் மத்திய அரசின் விலக்குப் பட்டியலில் (மெடிக்கேர், மெடிக்கெய்டு பணம் பெறத் தடை செய்யப்பட்டவர்களின் பட்டியல்) இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். உரிமத்தில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், வரிக் கணக்கில் கணவர் பெயரோடு சேர்த்து இன்னொரு பெயர் என்று இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். இனிஷியலை விரித்து எழுதும் நம் ஊர் வழக்கத்தால் நம்மவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. முதலில் எல்லா இடத்திலும் பெயரை ஒன்றாக்கிவிட்டு விண்ணப்பியுங்கள்.

எல்லாம் முடிந்து ஒரு நாள் எண் வந்துவிடும். உடனே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். பணம் வருவதில்லை. மெடிக்கெய்டு எண் என்பது பில் போடும் உரிமை மட்டும்தான். பணம் தருவது உங்கள் எண்ணை வைத்தல்ல, அந்த நோயாளிக்குக் கிடைத்திருக்கும் பிரையர் ஆதரைசேஷனை, அதாவது முன் அனுமதியை வைத்து. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த நர்ஸுக்கு என்றெல்லாம் அதில் இருக்கும். குழந்தைக்கு வாரம் 56 மணி நேரம் அனுமதி இருக்கிறது என்று அம்மா சொல்வார். உண்மையாகவே இருக்கும். ஆனால் அதில் 40 ஏற்கெனவே ஒரு ஏஜென்சியின் பெயரில் இருந்தால் உங்களுக்கு மிச்சம் 16தான். ஆகவே வாய்வார்த்தையை நம்பி முதல் ஷிஃப்டுக்குப் போகாதீர்கள். கேஸ் மேனேஜர் இருந்தால் அவரிடமிருந்து உங்கள் பெயரும் மணிக்கணக்கும் உள்ள அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் பதிவு செல்லுபடியாகும் தேதியையும் பாருங்கள். அந்தத் தேதிக்கு முன்பு செய்த வேலைக்கும் பணம் வரும் என்று எண்ணிக்கொண்டு ஒரு நாள்கூட வேலை செய்யாதீர்கள்.

நோயாளியின் மெடிக்கெய்டை மாநிலத்துக்குப் பதிலாக ஒரு காப்பீட்டுத் திட்டம் (மேனேஜ்டு கேர்) நடத்தினால் இன்னொரு படி உண்டு. மாநிலப் பதிவு முடிந்தாலும் அந்தத் திட்டத்தோடு தனி ஒப்பந்தம் வேண்டும். அதற்கு வேறு காகிதங்கள், வேறு காத்திருப்பு.

அப்புறம் பிளான் ஆஃப் கேர், அதாவது நோயாளிக்கு என்னென்ன கவனிப்பு என்று எழுதி டாக்டர் கையெழுத்திடும் திட்டம். ஏஜென்சியில் இருக்கும்போது இதைச் சூப்பர்வைசர் பார்த்துக்கொள்வார், நாம் கையெழுத்து மட்டும் போடுவோம். தனியாக வந்ததும் எழுதுவதும் நீங்கள், டாக்டர் அலுவலகத்துக்கு அனுப்பிக் கையெழுத்துக்காகத் துரத்துவதும் நீங்கள். ஒஹையோவில் டாக்டர் இதை 60 நாளுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும். கையெழுத்தில்லாத நாட்களுக்கு வாங்கிய பணத்தைப் பின்னால் தணிக்கையில் திரும்பப் பிடிப்பார்கள். குழந்தையை நீங்கள் அருமையாகக் கவனித்திருக்கலாம், அதற்கு மதிப்பில்லை. காலாவதிக்கு இரண்டு வாரம் முன்பே அனுப்பிவிடுவது என் வழக்கம். எல்.பி.என். ஆக இருந்தால் மேற்பார்வைக்கு ஒரு ஆர்.என். வேண்டும். அவர் வந்து பார்த்ததையும் எழுதி வைக்க வேண்டும். நண்பர் ஒருவர் பெயரைப் போட்டுவிட்டு அவர் வராமலே இருப்பது நடக்கிறது. அது மோசடி, வேறு பெயர் கிடையாது.

நேரத்தைக் காட்டுவதற்கு இப்போது இ.வி.வி., அதாவது நர்ஸ் வீட்டுக்கு வந்ததை மின்னணு முறையில் உறுதிசெய்யும் பதிவு, இருக்கிறது. 2016இல் வந்த மத்திய சட்டத்தின்படி, வீட்டு மருத்துவச் சேவைகளுக்கு 2023 ஜனவரி முதல் இது அமலுக்கு வந்தது. என்ன சேவை, யாருக்கு, யார் செய்தது, எந்தத் தேதி, எந்த இடம், தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் என்று ஆறு விவரங்களை மின்னணு முறையில் பதிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் போனில் ஒரு செயலி. உள்ளே வந்ததும் ட்ரேக்கில் சளி அடைத்திருந்தால் முதலில் சக்‌ஷன் செய்வீர்களா, போனை எடுப்பீர்களா? சக்‌ஷன்தான். பதிவை அப்புறம் காரணத்தோடு திருத்தலாம், அதற்கு வழி இருக்கிறது. ஆனால் வாரம் முழுக்கத் திருத்தமாகவே இருந்தால் கேள்வி வரும். நர்ஸிங் நோட்ஸில் உள்ள நேரமும், இ.வி.வி. நேரமும், பில்லில் உள்ள யூனிட்டும் ஒத்துப்போக வேண்டும். பெரும்பாலான தகராறுகள் இந்த மூன்றும் ஒத்துப்போகாத இடத்தில்தான் முளைக்கின்றன.

பில் போடுவதே பெரிய வித்தை என்று பயமுறுத்துவார்கள். அவ்வளவு ஒன்றும் இல்லை. தனி நர்ஸின் ஷிஃப்டுக்குப் பல இடங்களில் டி 1000 என்ற குறியீடு, 15 நிமிடம் ஒரு யூனிட். எட்டு மணி நேர ஷிஃப்ட் 32 யூனிட். கடினமான பகுதி, குடும்பத்துக்கு வேலை வழியாக வேறு காப்பீடு இருக்கும்போது வரும். மெடிக்கெய்டு எப்போதும் கடைசியாகப் பணம் தருவது. முதலில் அந்தக் காப்பீட்டுக்கு அனுப்பி, அவர்கள் மறுத்ததற்கான கடிதத்தை வாங்கிய பிறகே மெடிக்கெய்டுக்கு அனுப்ப வேண்டும். இதற்கே வாரங்கள் ஓடிவிடும். காலக்கெடுவோ காத்திருக்காது. மத்திய விதி அதிகபட்சம் 12 மாதம், நியூயார்க்கில் பொதுவாக 90 நாள்தான். மெடிக்கெய்டு தரும் தொகை குறைவு என்று குடும்பத்திடம் மிச்சத்தைக் கேட்கவும் கூடாது. அந்தத் தொகையை முழுக் கட்டணமாக ஏற்றுக்கொள்கிறேன் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். முதல் பணம் வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம் என்று வைத்துக்கொண்டு கையில் சேமிப்போடு இறங்குங்கள்.

இனி கொஞ்சம் சங்கடமான விஷயம். தினமும் ஒரே வீட்டில் இருக்கும்போது குடும்பத்தோடு ஒட்டுதல் வந்துவிடும். குழந்தை ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கும், அம்மா தனியாக இருப்பார், நீங்கள் போய்ப் பக்கத்தில் உட்காருவீர்கள். நல்ல மனசு, ஆனால் அந்த நேரத்தை வீட்டு நர்ஸிங் நேரமாக எழுத முடியாது. இன்னொரு வகையும் உண்டு. இந்த மாதம் மணிக்கணக்கு மிச்சம் விழுந்தால் அடுத்த முறை அனுமதியைக் குறைத்துவிடுவார்கள் என்று பெற்றோருக்குப் பயம். "வராத நாளுக்கும் போட்டுவிடுங்கள் சிஸ்டர், நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்பார்கள். அவர்கள் பயம் நியாயமானது, கேட்பது நியாயமில்லை. அதற்கு நேர்மையான வழி இருக்கிறது: ஷிஃப்ட் நடக்காத நாளை ஏன் நடக்கவில்லை என்ற காரணத்தோடு எழுதி வையுங்கள், நர்ஸ் கிடைக்காததால்தான் நேரம் மிச்சம், தேவை குறையவில்லை என்று கேஸ் மேனேஜருக்குத் தெரிவியுங்கள். பொய்யான கிளெய்முக்கு, அதாவது பொய் பில்லுக்கு, மத்திய சட்டப்படி மூன்று மடங்கு தொகையும், ஒவ்வொரு கிளெய்முக்கும் தனித்தனி அபராதமும் வரலாம். விலக்குப் பட்டியலில் பெயர் ஏறினால் மெடிக்கேர், மெடிக்கெய்டு பணம் வாங்கும் எந்த ஆஸ்பத்திரியும் உங்களை வேலைக்கு வைக்காது.

வரி: யாரும் பிடித்தம் செய்யமாட்டார்கள். சுயதொழில் வரி 15.3 சதவீதம், அதன் மேல் வருமான வரி, காலாண்டுதோறும் நீங்களே கட்ட வேண்டும். தொழில் பொறுப்புக் காப்பீட்டை உங்கள் பெயரில் எடுங்கள். நோய் விடுப்பும் கிடையாது, ஷிஃப்டின்போது முதுகு பிடித்துக்கொண்டால் பார்க்க முதலாளியும் கிடையாது. விசா பற்றியும் ஒரு வார்த்தை. எச்-1பி-யில் இருப்பவர் இப்படித் தனியாக வேலை செய்ய முடியாது. எச்-4இல் (எச்-1பி-யில் இருப்பவரின் துணைக்கான விசா) வேலை அனுமதி அட்டை உள்ளவர் செய்யலாம். ஸ்பான்சர் ஒப்பந்தத்தில் வந்து கிரீன் கார்டு வாங்கியவர்கள், ஒப்பந்தக் காலம் முடியாமல் இறங்குவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள்.

பதிவு ஒருமுறை செய்தால் முடிந்துவிடுவதில்லை. ஐந்து ஆண்டுக்குள் ஒருமுறையாவது மறுபதிவு செய்ய மாநிலம் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பும். வீடு மாறியதும் கரண்ட், தண்ணீர், வங்கி என்று எல்லா இடத்திலும் முகவரியை மாற்றுகிறோம், இங்கே மாற்ற மறந்துவிடுகிறோம். கடிதம் பழைய வீட்டுக்குப் போகும், கெடு தாண்டும், எண் முடங்கும், அதற்குப் பிறகு செய்த ஷிஃப்டுகள் எல்லாம் மறுக்கப்பட்டு வரும். உரிமம் புதுப்பித்ததும், சி.பி.ஆர். (உயிர்காக்கும் முதலுதவிப் பயிற்சி) அட்டை புதுப்பித்ததும், பெயர் மாறியதும் அப்படியே அங்கேயும் ஏற்றிவிடுங்கள். நோட்ஸ், பிளான் ஆஃப் கேர், பில் எல்லாவற்றின் நகலையும் ஒஹையோவிலும் நியூயார்க்கிலும் ஆறு ஆண்டு வைத்திருக்க வேண்டும். கேஸ் முடிந்துவிட்டது என்று பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.