எண்ணிப் பார்த்து விதைக்கும் மானாவாரி உழவர்கள்

ருவாண்டாவை ஆயிரம் குன்றுகளின் நாடு என்பார்கள். அந்தச் சரிவுகளில் பீன்ஸும் மக்காச்சோளமும் விளைவது பெரும்பாலும் மானாவாரியாகத்தான். செப்டம்பரில் தொடங்கும் மழைக்கு ஒரு போகம், மார்ச் மழைக்கு இன்னொரு போகம். மழை இரண்டு வாரம் தள்ளிப்போனாலோ, பூக்கும் சமயத்தில் காய்ந்துவிட்டாலோ போட்ட விதைகூடக் கைக்கு வராது. இப்படிப்பட்ட உழவரிடம் போய் பருவநிலை மாறுகிறது என்று சொல்லிவிட்டு வருவதில் பயன் இல்லை. இந்தப் போகத்தில் எந்தத் துண்டு நிலத்தில் எதைப் போடுவது என்பதுதான் அவருடைய கேள்வி.

அந்தக் கேள்விக்கு உழவர்களே விடை காண உதவும் முறை ஒன்றை, 2016 முதல் 2019 வரை அங்கே நடந்த ஒரு திட்டம் கையாண்டது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் உருவான 'பிக்சா'தான் அந்த முறை. கிராமங்களில் வேளாண் தகவல்களைக் கொண்டுசேர்க்கும் உழவர்களையே பயிற்றுநர்களாக்கி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இதைக் கற்றுக்கொடுத்தார்கள்.

விதைப்புக்கு வெகுமுன்பே கூட்டம் நடக்கும். நடுவில் அந்தப் பகுதியின் மழை வரைபடம். ஆண்டுக்கு ஒரு பட்டை; மழைப்பருவம் எத்தனை நாள் நீடித்ததோ அதுதான் பட்டையின் உயரம். கொடி வகை பீன்ஸுக்கு 100 நாள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 100-இல் குறுக்கே ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டிய பட்டைகளை எண்ணுகிறார்கள். 30 ஆண்டுகளில் 18 என்றால், பத்துக்கு ஆறு முறை விளைச்சலுக்குப் பருவம் போதும். சீக்கிரம் முற்றும் செடி வகைக்குக் கோட்டை 80-க்கு இறக்கினால் 27 பட்டைகள் தாண்டலாம். அது பத்துக்கு ஒன்பது. நிகழ்தகவு என்ற சொல்லைக் கேட்டிராதவரும் இதைச் செய்துவிடுவார்.

கொடி வகை அதிகம் விளையும். ஆனால் ஊன்றுகோல் வேண்டும், நாளும் கூடுதல். கையில் கொஞ்சம் இருப்பு உள்ள குடும்பம் பத்துக்கு ஆறைத் துணிந்து எடுக்கலாம். கடனில் இருப்பவருக்கு ஒன்பதுதான் சரி. ஒரே வரைபடத்திலிருந்து இரண்டு வீட்டுக்கு இரண்டு முடிவு வரும், இரண்டுமே நியாயமானவை. தலைநகரிலிருந்து வரும் ஒற்றைப் பரிந்துரையால் இதைச் செய்ய முடியாது. அதனால்தான் அடுத்த கட்டமாக ஒவ்வொரு தேர்வுக்கும் விதை, கூலி, வரவு, வீட்டுச் சாப்பாட்டுக்கு மிஞ்சுவது எல்லாவற்றையும் தாளில் எழுதி வரவு செலவு போட்டுப் பார்க்கிறார்கள்.

இந்தப் பட்டைகளுக்கான கணக்கு எங்கிருந்து வந்தது? 1994 இனப்படுகொலையோடு ருவாண்டாவின் மழைமானி நிலையங்களில் பெரும்பாலானவை செயலிழந்தன. சுமார் 15 ஆண்டுகள் பதிவேடு ஏறக்குறைய வெற்று. அந்த இடைவெளியை நிரப்பியவை செயற்கைக்கோள்கள். மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை அகச்சிவப்புக் கதிரால் அளந்து, மழையை மதிப்பிடுவார்கள். ஆனால் மலைச்சரிவில் காற்று மேலேறிப் பெய்யும் மழைக்கு உச்சி அவ்வளவு குளிர்வதில்லை, அதனால் மதிப்பீடு குறைந்துவிடும். எஞ்சிய மழைமானிகளின் அளவோடு ஒப்பிட்டுத் திருத்திய பிறகே, சில கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி என்ற துல்லியத்தில் பதிவு கிடைத்தது. இதைச் செய்ததில் ருவாண்டா வானிலைத் துறைக்கும் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கும் பங்குண்டு.

உழவர் பேச்சும் பதிவும் ஒத்துப்போகாத இடங்களைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். மழை குறைந்துவிட்டது என்பார்கள். மொத்த மில்லிமீட்டரில் குறைவு தெரியாது. உடனே அவர்கள் சொல்வது தவறென்று முடிவுகட்டக் கூடாது. மேல்மண் அரித்துப்போய் ஈரம் நிற்காத நிலத்தில், அதே அளவு மழையிலும் பயிர் வாடும். அங்கே குறுகிய காலப் பயிரைத் தேடுவதைவிட வரப்பும் தழையுரமும் முதல் வேலை. வரைபடத்தை மட்டும் பார்க்கும் வானிலையாளருக்கு இது பிடிபடாது, நிலத்தை மட்டும் பார்ப்பவருக்கும் முழுதாகத் தெரியாது.

பருவம் நெருங்கும்போது முன்னறிவிப்பு வரும். வழக்கத்தைவிடக் கூடுதல், வழக்கம்போல், குறைவு என மூன்றுக்கும் தனித்தனி வாய்ப்பு சொல்வார்கள். எண்ணிப் பழகியவர்களுக்கு அதைத் தங்கள் திட்டத்தில் பொருத்துவது கடினமில்லை. குறைவுக்கான வாய்ப்பு ஏறினால் கொடி வகைக்கு ஒதுக்கிய நிலத்தில் பாதியைச் செடி வகைக்கு மாற்றலாம். பருவம் தொடங்கியபின் சில நாள் முன்னறிவிப்புகள் வானொலியிலும் கைபேசியிலும் வரும். உரம் இடுவதையும் களை எடுப்பதையும் அதை வைத்துத் தள்ளியோ முந்தியோ செய்யலாம்.

பருவநிலை மாறிக்கொண்டிருப்பதால் பழைய 30 பட்டைகளை அப்படியே நம்பிக்கொண்டிருக்க முடியாது. ஒவ்வொரு போகமும் முடிந்ததும் புதிய பட்டை ஒன்று சேர வேண்டும். அதற்கு மழைமானியைத் தினமும் படிக்க ஆளும் சம்பளமும் வேண்டும். வெளிநாட்டு நிதி நின்றபிறகும் அந்தச் செலவை அரசுகள் தங்கள் வரவு செலவுத் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும்.