குடையை ஏன் முன்னாடி சாய்க்கறோம்?

அக்கா பையன் பதினொண்ணாவது படிக்கிறான். போன வாரம் ஒரு பிசிக்ஸ் கணக்கை போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு, "மாமா, மழை நேராத்தான் விழுதுன்னு கணக்குலயே போட்டிருக்கு, அப்புறம் எதுக்கு குடையைச் சாய்க்கணும்?"னு கேட்டான். கூடவே அவன் போட்ட விடையும் இருந்துச்சு. கோணம் கரெக்ட், ஆனா குடையை முதுகுப் பக்கம் பிடிச்சிருந்தான்.

கணக்கு இதான்: மழை வினாடிக்கு 35 மீட்டர் வேகத்துல செங்குத்தா விழுது, ஒருத்தர் சைக்கிள்ல வினாடிக்கு 12 மீட்டர் வேகத்துல போறார், குடையை எப்படிப் பிடிக்கணும்? (12 மீட்டர்னா மணிக்கு 43 கி.மீ., அதுவும் மழையில, ஒத்தக் கையில குடையோட! மழை 35ங்கறது மணிக்கு 126 கி.மீ. நிஜத்துல காத்து தடுக்கறதால பெரிய துளியே வினாடிக்கு 9 மீட்டர் வாக்குலதான் விழும். கணக்கு எழுதறவங்க மழையில நனைஞ்சதே இல்ல போல.)

ரிலேட்டிவ் வெலாசிட்டி (ஓடற ஒருத்தர் கண்ணுக்கு இன்னொண்ணு எந்த வேகத்துல, எந்தப் பக்கமா போறதா தெரியுதுங்கறது) கணக்குல தப்பு வர்றது கணக்குல இல்ல, யார் கண்ணால பாக்கறோம்னு முடிவு பண்ணாம பென்சிலை எடுக்கறதுலதான். தாம்பரம் எலெக்ட்ரிக் ட்ரெயின்ல ஜன்னலோரம் உக்காந்திருக்கீங்க, பக்கத்து லைன்ல அதே திசையில எக்ஸ்பிரஸ் வருது, உங்களது 60, அது 70, உங்க கண்ணுக்கு அது 10ல மெதுவா ஊர்ந்து தாண்டுது. இது எல்லாருக்கும் தெரியும், கழிச்சா போச்சு. திசை குறுக்க வந்தாத்தான் திணறுவாங்க. அதுக்கும் வழி அதேதான்: நான் நிக்கறேன்னு நினைச்சுக்கணும்னா என் வேகத்தை அப்படியே திருப்பிப் போட்டு உலகத்துல இருக்கற எல்லாத்துக்கும் கொடுத்துடணும், ரோடு, புளியமரம், டீக்கடை, மழை எல்லாத்துக்கும். நான் பைக்ல வினாடிக்கு 9 மீட்டர் போறேன்னு வச்சுக்கோங்க, மணிக்கு 32 கி.மீ. இப்ப நான் நின்னுட்டேன், ரோடு 9ல பின்னாடி ஓடுது. மழைக்கு ஏற்கெனவே கீழ 9 இருக்கு, கூட என் மூஞ்சியைப் பாத்து 9 சேருது. ரெண்டும் சமம், அதனால 45 டிகிரி. மழை முன்னாடி இருந்து வந்து ஹெல்மெட் கண்ணாடியில அடிக்குது. நம்மாளு கழிக்க வேண்டியதைக் கூட்டிட்டான், அதான் குடை முதுகுக்குப் போச்சு.

சரி, இப்ப எனக்குப் புடிச்ச இடம். பைக்ல பின்னாடி உக்காந்துகிட்டு ஒரு நீளமான பிவிசி பைப்பைப் பிடிச்சிருக்கீங்க, மேல் வாயில விழற துளி பக்கச் சுவர்ல படாம கீழ் வாய் வழியா வரணும். செங்குத்தா பிடிச்சா வராது, ஏன்னா துளி கீழ இறங்கறதுக்குள்ள பைப்போட பின்சுவர் முன்னாடி வந்து அதை மோதிடும். மேல் வாயை முன்னாடி சாய்ச்சுப் பிடிச்சா, துளி இறங்க இறங்க பைப்பும் சரியா அதுக்கு இடம் கொடுத்துகிட்டே வரும். இப்ப பைப்பை டெலஸ்கோப்பாவும், பைக்கை பூமியாவும், மழையை நட்சத்திர வெளிச்சமாவும் மாத்திடுங்க.

பூமி சூரியனைச் சுத்தறது வினாடிக்கு 30 கி.மீ., வெளிச்சம் 3 லட்சம். பத்தாயிரத்துல ஒரு பங்கு. 2 மீட்டர் டெலஸ்கோப்புக்குள்ள வெளிச்சம் இறங்கற நேரத்துல குழாய் 0.2 மில்லிமீட்டர் நகந்துடும். அந்த அளவுக்குச் சாய்ச்சே ஆகணும்! ஒரு டிகிரியை 3600 பங்கு போட்டா அதுல 20 பங்கு, அதாவது கால் கி.மீ. தள்ளி வச்ச ரெண்டரை சென்டிமீட்டர் காசோட அகலம்.

இதை முதல்ல பாத்தவங்க இதைத் தேடவே இல்ல. 1725ல லண்டன் பக்கத்துல கியூங்கற இடத்துல சாமுவேல் மாலினோவும் ஜேம்ஸ் பிராட்லியும் வீட்டுப் புகைபோக்கியில 24 அடி டெலஸ்கோப்பைக் கட்டி, தலைக்கு நேர் மேல போற காமா டிராகோனிஸ் நட்சத்திரத்தைப் பாத்துகிட்டு இருந்தாங்க. பூமி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போறதால நட்சத்திரம் இடம் மாறித் தெரியுதான்னு பாக்கத்தான், மாறினா அதை வச்சு நட்சத்திரம் எவ்வளவு தூரம்னு கணக்குப் போட்டுடலாம். மாறுச்சு, ஆனா தப்பான மாசத்துல. டிசம்பர்ல தெற்கு ஓரத்துக்குப் போயிருக்கணும், மார்ச்லதான் போச்சு. மூணு மாசம் லேட். பூமி எங்க இருக்குங்கறது இல்ல, எந்தப் பக்கமா ஓடிட்டிருக்குங்கறதுதான் காரணம்னு 1728ல பிராட்லி புடிச்சார். பூமி சூரியனைச் சுத்துதுங்கறதுக்கு நேரடி சாட்சி, கூடவே சூரிய வெளிச்சம் இங்க வர 8 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும்ங்கற கணக்கும் கிடைச்சுது. இன்னிக்கு இவர் நிதி கேட்டு விண்ணப்பம் போட்டா, மூணு வருஷத்துல என்ன கண்டுபிடிப்பீங்கன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல நட்சத்திர தூரம்னு எழுதியிருப்பார், கடைசியில அது வரல, ப்ராஜெக்ட் ஃபெயில்னு ஃபைலை மூடியிருப்பாங்க. எனக்கு இதுல ரொம்ப நாளா கோவம்.

இதையெல்லாம் வாய்ஸ் மெசேஜா அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழிச்சு பதில்: "மாமா, டெலஸ்கோப்புக்குள்ள தண்ணி ஊத்தினா வெளிச்சம் மெதுவா போகும்ல, அப்ப இன்னும் சாய்க்கணுமா?"

1871ல கிரீனிச்ல ஏரிங்கற வானியலாளர் நிஜமாவே தண்ணி ஊத்திப் பாத்தார்டா, கோணம் துளிகூட மாறலன்னு சொன்னேன். ஏன் மாறலன்னு அவனையே யோசிக்கச் சொல்லியிருக்கேன்.