அந்த ரூம்ல பேனாவைத் தொடாதீங்க

2009 பிப்ரவரி, சென்னை ஓஎம்ஆர்ல ஒரு ஐடி கம்பெனியோட சின்ன மீட்டிங் ரூம். டேபிள் மேல தண்ணி பாட்டில், டிஷ்யூ பாக்ஸ், முன்னாடியே பிரிண்ட் எடுத்து வெச்ச ரிசிக்னேஷன் லெட்டர். பேரு அடிச்சிருக்கும், தேதி மட்டும் காலி. அதை நீட்டினது நான்தான், அப்போ ஹெச்.ஆர்ல எனக்கு மூணு வருஷ சர்வீஸ்.

அதுக்கு முந்தின செப்டம்பர் 15தான் அமெரிக்க பேங்க் லேமன் பிரதர்ஸ் மஞ்சக் கடுதாசி குடுத்துச்சு, அங்க பேங்க் விழுந்தா சோழிங்கநல்லூர்ல பெஞ்ச் (ப்ராஜெக்ட் இல்லாம சும்மா இருக்கிறவங்க) நிரம்பும்னு நமக்கு அப்பதான் உறைச்சுது. அந்தப் பிப்ரவரில ஒரே நாள்ல பதினோரு பேரை அந்த ரூமுக்குக் கூப்பிட்டோம். எட்டு வருஷம் வேலை பாத்த ஒருத்தர், லெட்டர்ல "சொந்தக் காரணங்களுக்காக"ன்னு இருந்த வரியில விரல வெச்சு "எனக்கு அப்படி ஒண்ணும் இல்லையே மேடம்"னார். எங்கிட்ட ஸ்கிரிப்ட் ரெடியா இருந்துச்சு, நீங்களா குடுத்தா ரிலீவிங் லெட்டர் கிளீனா வரும், நாங்க அனுப்பினா அடுத்த எடத்துல பேக்ரவுண்ட் செக்ல மாட்டும்னு. கையெழுத்து போட்டுட்டார்.

அந்த ஒரு வரிக்கு ஏன் அவ்ளோ மெனக்கெட்டோம்னா, ஆள்குறைப்புன்னு ஒத்துக்கிட்டா ஒரு மாச நோட்டீஸ் இல்ல அந்தச் சம்பளம், அப்புறம் முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம்னு சட்டப்படி குடுக்கணும். எட்டு வருஷத்துக்கு 120 நாள், நாலு மாசக் காசு! ராஜினாமான்னா இதுல ஒத்தப் பைசா கிடையாது. 1947 தொழில் தகராறு சட்டத்துல இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்த தொழிலுறவு சட்டத் தொகுப்புலயும் இருக்கு, கூடவே மறுதிறன் நிதியில (வேலை போனவங்க புதுசா ஒரு திறமை கத்துக்கறதுக்கான நிதி) இன்னொரு 15 நாள் சம்பளம் வேற. (கிராஜுவிட்டி தனி. அஞ்சு வருஷம் முடிச்சா ராஜினாமா பண்ணினாலும் வரும், அதையே "பேக்கேஜ்"னு காட்டுவாங்க, நாங்களும் காட்டினோம்.)

ஐடிக்கு லேபர் சட்டமே கிடையாதுன்னு இன்னும் நம்புறவங்க இருக்காங்க. பொருந்தும்னு 2016லயே தமிழ்நாடு அரசு தெளிவா சொல்லிடுச்சு. நிஜமாவே ஆளெடுத்து ஆளனுப்புற மேனேஜர்னா இது செல்லாது, ஆனா டெசிக்னேஷன்ல மட்டும் மேனேஜர்னு இருந்து நாள் முழுக்க ப்ரோகிராம் எழுதிட்டிருந்தா, பாக்குற வேலை என்னன்னுதான் கோர்ட் பாக்கும்.

அதனால உங்களையும் இப்படிக் கூப்பிட்டா, ரூமுக்குள்ள "யோசிச்சு மெயில்ல சொல்றேன்", அவ்ளோதான். அன்னிக்கு ராத்திரியே உங்க சொந்த மெயில்ல இருந்து, இத்தன மணிக்கு இன்னார் என்னை ராஜினாமா பண்ணச் சொன்னாங்க, எனக்கு அதுல விருப்பம் இல்லைன்னு எழுதி அனுப்பிடுங்க, ஏன்னா ஆபீஸ் ஐடி காலைல இருக்காது. பே ஸ்லிப், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், அப்ரைசல் லெட்டர் எல்லாம் இப்பவே எடுத்து வைங்க, க்ளையண்ட் ஃபைல மட்டும் தொட்டுடாதீங்க, அதையே சாக்கா வெச்சுத் தள்ளிடுவாங்க. வம்பே வேணாம், இஎம்ஐ இருக்குன்னா ராஜினாமா குடுக்குறது தப்பில்ல, ஆனா எவ்ளோ தொகை, எந்தத் தேதின்னு மெயில்ல வந்தப்புறம் கையெழுத்து. இல்ல வேலையவிட்டு அனுப்பிட்டாங்களா, தொழிலாளர் துறை சமரச அதிகாரிகிட்ட மனு குடுங்க.

அந்தப் பதினோரு பேர்ல ஒரு பொண்ணு மட்டும் "அப்பாகிட்ட கேட்டுட்டு நாளைக்கு வரேன்"னு பையை எடுத்துட்டுக் கிளம்பிடுச்சு. அதுக்கு எங்க ஸ்கிரிப்ட்ல பதிலே இல்ல. மறுநாள் அதுக்கு மட்டும் ரெண்டு மாசச் சம்பளம் சேத்துக் குடுத்தோம்.