கால் எழுந்துவிட்டது, சிறுநீர்ப்பை எழவில்லை

அப்பாவின் குடலிறக்க அறுவை சிகிச்சை காலை பத்து மணிக்கு முடிந்தது. பிற்பகல் இரண்டு மணிக்குக் கால் கட்டைவிரலை அசைத்துக் காட்டினார். மூன்றரைக்கு முழங்காலை மடக்கினார். முதுகில் போட்ட ஊசியால் மரத்துப்போன உடம்பு திரும்பி வந்துவிட்டது என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். செவிலியர் மட்டும் அடிக்கடி வந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்: "ஐயா, யூரின் போனீர்களா?" மகளுக்கு முன்னால் அதற்குப் பதில் சொல்லக் கூச்சப்பட்டு, அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐந்து மணிக்கு நானே மெல்லக் கேட்டேன். "முட்டவில்லையம்மா. முட்டினால் போகமாட்டேனா?" என்றார்.

முட்டாததுதான் அங்கே சிக்கல் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சிறுநீர்ப்பை தசையால் ஆன ஒரு பை. சாதாரணமாக 150 மில்லி சேரும்போது லேசாக ஓர் உணர்வு வரும். 300 மில்லியைத் தாண்டினால் 'எழுந்து போ' என்று வலியுறுத்தும். பெரியவர்களுக்கு 400 முதல் 600 மில்லி வரை கொள்ளும். நிறைகிற நேரத்தில் பைச்சுவர் தளர்ந்தும் வாய் இறுகியும் இருக்க வேண்டும். கழிக்கிற நேரத்தில் சுவர் சுருங்க வேண்டும், வாய் தளர வேண்டும். இந்தத் தலைகீழ் மாற்றத்தை ஒரே நொடியில் நடத்திவைக்கும் மையம் மூளைத்தண்டில் இருப்பதை, ஃபிரெடெரிக் பாரிங்டன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1920களில் பூனைகளில் ஆராய்ந்து காட்டினார். அந்த மையத்தின் ஆணை தண்டுவடத்தின் கடைக்கோடி வரை இறங்கி, அங்கிருந்து கிளம்பும் நரம்புகள் வழியாகப் பையை அடைகிறது. பை நிறைந்த செய்தி மேலே ஏறுவதும் அதே நரம்புகள் வழியாகத்தான்.

முதுகில் போடும் மயக்க ஊசி அந்தப் பாதையை இருபுறமும் மூடிவிடுகிறது. நிறைந்த செய்தி மேலே போவதில்லை, சுருங்கும் ஆணை கீழே வருவதில்லை. மருந்தின் பிடி மேலிருந்து கீழாகத் தளர்வதால் வயிறு, தொடை, முழங்கால் என்று ஒவ்வொன்றாக உணர்வு திரும்பி வர, சிறுநீர்ப்பையின் முறை கடைசியில்தான் வரும். புபிவக்கெய்ன் போன்ற நீண்ட நேர மருந்து போட்டால் அதற்கு ஏழெட்டு மணி நேரம்கூட ஆகும். நோயாளி நடக்கத் தொடங்கியிருப்பார், பை இன்னும் உறங்கிக்கொண்டிருக்கும். சிறுநீரகங்களோ ஒரு நிமிடமும் நிற்பதில்லை. நரம்பில் ஏற்றிய சலைன் பாட்டில்கள் வேறு சிறுநீரின் வரவைக் கூட்டுகின்றன.

முழு மயக்கம் கொடுத்தாலும் இது வரலாம். மார்ஃபின் வகை வலிமருந்துகள் பையின் உணர்வையும் சுருங்கும் வலுவையும் குறைக்கின்றன. அட்ரோபின் வகை மருந்துகள் பைத்தசைக்கு வரும் ஆணையையே தடுக்கின்றன. மூலம், குடலிறக்கம் போன்ற அறுவைகளில், வலியின் அழுத்தத்தால் பையின் வாய் இறுகிக்கொள்கிறது. வயதான ஆண்களுக்குப் பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கி ஏற்கெனவே வழி குறுகியிருந்தால், ஆபத்து இன்னும் கூடுகிறது.

ஆகவே இது மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயமே அல்ல. "முயற்சி செய்யுங்கள்" என்று பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினால் பதற்றம் ஏறும். பதற்றத்தில் பையின் வாய் மேலும் இறுகும். உதவுவது இதற்கு நேர்மாறான சூழல். மருத்துவர் அனுமதித்ததும் எழுந்து சில அடி நடப்பது நல்லது. படுத்தபடி கேனில் போகச் சொன்னால் பலருக்கு வராது. ஆண்கள் நின்றும் பெண்கள் உட்கார்ந்தும், வாழ்நாளெல்லாம் பழகிய நிலையில் முயல வேண்டும். கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிடுவது சிலருக்குக் கைகொடுக்கிறது. வலி இருந்தால் பொறுத்துக்கொள்ளாமல் சொல்ல வேண்டும். வயிற்றை அழுத்தியும் முக்கியும் பார்க்கக் கூடாது, தையலுக்கு ஆகாது. நிறையத் தண்ணீர் குடித்தால் வந்துவிடும் என்பது பலரும் அன்போடு செய்கிற தவறு. திறக்காத மதகுக்கு மேல் ஏரியை நிரப்புவதால் என்ன பயன்?

இதில் கடிகாரம் முக்கியம். அளவுக்கு மீறி விரிந்த பையில் தசை இழைகள் ஒன்றையொன்று பற்றிச் சுருங்கும் பிடியை இழக்கின்றன, சுவருக்கு இரத்த ஓட்டமும் குறைகிறது. அப்படியே பல மணி நேரம் கிடந்தால், மருந்தின் பிடி விட்ட பிறகும் பை சோர்ந்தே இருக்கும். சில சமயம் சொட்டுச் சொட்டாகப் போவதைப் பார்த்து 'போய்விட்டது' என்று நிம்மதி அடைவார்கள். அது நிரம்பி வழிவதாகவும் இருக்கலாம்.

ஆறு மணிக்கு அப்பாவின் அடிவயிற்றில் ஒரு கருவியை வைத்தார்கள். அது ஒலியலையால் பையின் அளவைக் கணக்கிடும் சிறிய ஸ்கேன். திரையில் 720 மில்லி என்று வந்தது. அப்பாவுக்கோ இன்னும் முட்டவில்லை! மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி முழுவதையும் வடித்துவிட்டு, உடனே எடுத்துவிட்டார்கள். டியூப் என்றதும், சிறுநீர் பிடிக்கும் பையை நிரந்தரமாக மாட்டிக்கொண்டு வீடு திரும்பப்போவதாக அப்பா பயந்திருந்தார். பெரும்பாலோருக்கு ஒருமுறை வடித்தாலே போதும். பை ஓய்வெடுத்துத் தானாக வேலைக்குத் திரும்பிவிடும். சிலருக்கு ஒன்றிரண்டு நாள் குழாயை வைத்திருப்பார்கள், பையின் வாயைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரையும் தருவார்கள். அதைச் சாப்பிடுகிறவர்கள் படுக்கையிலிருந்து சட்டென்று எழக் கூடாது, தலைசுற்றும்.

வீட்டுக்கு அனுப்பும்போது செவிலியர் என்னிடம் தனியாகச் சொன்னார்: மறுபடி ஆறு மணி நேரம் போகாவிட்டாலோ, அடிவயிறு கல் மாதிரி ஆனாலோ, காய்ச்சல் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அழைத்து வந்துவிட வேண்டும்.

ஆனால் அதற்கு முன், அன்று இரவு பதினொன்றரைக்கு அப்பா என்னை எழுப்பினார். குளியலறை வரை கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன். "குழாயைத் திறந்துவிட்டு நீ வெளியே நில்" என்றார். நெடுநேரம் வாளியில் தண்ணீர் விழும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு அவரே குழாயை மூடினார். அளவுக் குவளையைக் கையில் பிடித்தபடி கதவைத் திறந்து, "எவ்வளவு என்று பார்த்து அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடு" என்றார். 280 மில்லி.