ஆரம்பநிலை சிறுநீர்ப்பைப் புற்றுநோய்: கட்டியை எடுப்பதோடு சிகிச்சை முடிவதில்லை

வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்து, சிஸ்டோஸ்கோபியில் (சிறுநீர்ப்பைக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) சிறுநீர்ப்பைப் புற்றுநோய் என்று தெரிய வருபவர்களில் பத்துக்கு ஏழு பேருக்காவது அது பையின் தசையை எட்டியிருக்காது. அவர்களில் பெரும்பாலோருக்குப் பையைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் இந்த நோய் திரும்பத் திரும்ப முளைக்கும் சுபாவம் கொண்டது. சிகிச்சைத் திட்டம் முழுவதும் அதைத் தடுப்பதற்காகவே போடப்படுகிறது.

முதலில் டி.யு.ஆர்.பி.டி. என்ற, கட்டியைச் சீவி எடுக்கும் அறுவை. வயிற்றில் கீறல் கிடையாது. முதுகில் ஊசி போட்டோ முழு மயக்கம் கொடுத்தோ, சிறுநீர்த் துவாரம் வழியே கருவியைச் செலுத்தி, மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் கட்டியைச் சீவி எடுப்பார்கள். பக்கச்சுவரில் கட்டி இருந்தால் அருகில் ஓடும் அப்டுரேட்டர் நரம்பு தூண்டப்பட்டுத் தொடை திடீரென உதறும். அந்த நொடியில் பை ஓட்டையாகலாம். அதைத் தவிர்க்க நரம்பை மரக்கச் செய்வார்கள், அல்லது தசை தளர்த்தும் மருந்தோடு முழு மயக்கம் கொடுப்பார்கள்.

பிறகு கதீட்டர் (சிறுநீர்ப்பைக்குள் வைக்கும் குழாய்) வழியாக உப்புநீர் ஓடிக்கொண்டிருக்கும், ரத்தம் உறைந்து குழாயை அடைக்காமலிருக்க. வீடு திரும்பி இரண்டு வாரம் கழித்துப் புண்ணின் பொருக்கு உதிர்ந்து மறுபடி சிவப்பாகப் போகலாம்; பயப்பட வேண்டாம், தண்ணீர் அதிகம் குடியுங்கள். ரத்தக்கட்டிகள் வந்தாலோ சிறுநீர் நின்றுபோனாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பயாப்சி அறிக்கை வந்ததும் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: எடுத்த திசுவில் தசை இருந்ததா? தசையே இல்லாத மாதிரியை வைத்து, தசைக்குள் நோய் போகவில்லை என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கும் டி1 நிலைக்காரர்களுக்கும் (நோய் பையின் உட்படலத்தைத் தாண்டியும் தசையை எட்டாதவர்கள்) சில வாரங்களில் அதே இடத்தை மறுபடி சீவிப் பார்ப்பது வழக்கம். முதல் அறுவையில் கட்டி மிச்சமாகிப்போவது அபூர்வமல்ல.

திரும்ப முளைக்கும், பரவும் ஆபத்து குறைந்த கட்டிக்கு, அறுவை முடிந்த 24 மணி நேரத்துக்குள் மைட்டோமைசின் போன்ற மருந்தை ஒருமுறை பைக்குள் செலுத்தினால் பெரும்பாலும் போதும். மிதக்கும் புற்றணுக்கள் புண்ணில் ஒட்டி முளைக்காமல் அது தடுக்கிறது. பை ஓட்டையாகியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் செலுத்தக் கூடாது.

ஆபத்து அதிகமென்றால் பைக்குள் பிசிஜி செலுத்துவார்கள். காசநோய்த் தடுப்பூசியில் உள்ள அதே உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமிதான். அது பைச்சுவரில் ஒட்டியதும் நோய் எதிர்ப்பு அணுக்கள் திரண்டு புற்றணுக்களையும் தாக்குகின்றன. அறுவைக்குப் பிறகு குறைந்தது 2 வாரம் விட்டு, வாரம் ஒன்றாக 6 தவணை. அதன்பின் 1 முதல் 3 ஆண்டுகள் வரை, இடைவெளி விட்டு 3 வாரத் தொகுப்புகள். மருந்தை 2 மணி நேரம் வரை அடக்கி வைக்க வேண்டியிருப்பதால் முன்கூட்டியே நீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரில் அந்தக் கிருமி வெளியேறும் என்பதால், அடுத்த 6 மணி நேரம் உட்கார்ந்தே சிறுநீர் கழியுங்கள், கழிப்பறையில் பிளீச் ஊற்றி 15 நிமிடம் விடுங்கள். எரிச்சல், அடிக்கடி சிறுநீர், லேசான காய்ச்சல் எல்லாம் ஓரிரு நாளில் அடங்கும். கடுங்காய்ச்சலோ விடாத காய்ச்சலோ வந்தால் கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம், காத்திருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்றோ ரத்தமோ இருக்கும் நாளில் தவணையைத் தள்ளிவைப்பதும் இதே காரணத்தால்தான்.

மூன்றாம் மாதம் எல்லோருக்கும் சிஸ்டோஸ்கோபி உண்டு. உயர் ஆபத்துக்காரர்களுக்கு 2 ஆண்டுகள் வரை 3 மாதத்துக்கொரு முறை. புகைப்பவர்கள் இப்போதாவது நிறுத்துவது மிக அவசியம்.

போதிய பிசிஜி கொடுத்தும் உயர்தரக் கட்டி (வேகமாக வளர்ந்து பரவக்கூடிய வகை) திரும்பினால், மறுபடி பிசிஜி கொடுப்பது பெரும்பாலும் பலன் தருவதில்லை. பையை அகற்றும் பேச்சு பெரும்பாலும் அப்போதுதான் வரும். தசைக்குள் நோய் புகுமுன் செய்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடுதல். அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்கும் அதை விரும்பாதவர்களுக்கும் பெம்ப்ரோலிசுமாப் (நோய் எதிர்ப்பு சக்தியைப் புற்றின்மீது ஏவும் மருந்து) போன்ற மருந்துகள் உள்ளன.